பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நானூறு ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் பத்திரிகை வரலாற்றைப் பெரும்பாலும் ஒரு சுதந்திரப் போராட்டமாகவே சொல்கிறார்கள். அரசன் அடக்கினான், எழுத்தாளன் எதிர்த்தான், கடைசியில் பேனா வென்றது என்று கதை போகும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு காலத்திலும் ஒரு பத்திரிகையின் தைரியமும் கோழைத்தனமும் அதற்குக் காசு கொடுத்தவர் யார் என்பதோடு கட்டுண்டே இருந்திருக்கின்றன. கீழே உள்ள பதில்கள் அந்தக் கணக்கை விடாமல் பார்க்கின்றன. பழைய நாணயங்கள் வரும் இடங்களில் நினைவில் கொள்ள: 12 பென்ஸ் (ஒருமையில் பென்னி) ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

பிரிட்டனின் முதல் செய்தித்தாள் எது?

எதைச் செய்தித்தாள் என்று ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று பதில்கள் உண்டு.

1620இல் ஆம்ஸ்டர்டாமில் ஆங்கிலத்தில் அச்சாகி லண்டனுக்குக் கப்பலில் வந்த ஒற்றைத் தாள்களில் இருந்து தொடங்கலாம். மறு ஆண்டே லண்டன் புத்தக வியாபாரிகள் தாங்களே அச்சிடத் தொடங்கினார்கள். நதானியேல் பட்டர் அவர்களில் முக்கியமானவர். ஐரோப்பாவில் அப்போது முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தாள் முழுக்க அந்தச் செய்திதான். உள்நாட்டு விவகாரத்தை அச்சிட்டால் சிறைக்குப் போக நேரிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்றுவரை நிற்காமல் வருவது எது என்று கேட்டால் 'லண்டன் கெசட்'. 1665 நவம்பரில் பிறந்தபோது அதன் பெயர் 'ஆக்ஸ்ஃபோர்ட் கெசட்'. லண்டனில் பிளேக் பரவியதால் இரண்டாம் சார்லஸ் மன்னர் அரசவையோடு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருந்தார். அரசவை திரும்பியதும் பெயரும் மாறியது. அது அரசின் குரல். இன்றும் நியமனங்கள், திவால் அறிவிப்புகள் போன்றவை அதில்தான் வெளியாகின்றன.

முதல் நாளிதழ் 'டெய்லி கூரண்ட்'. 1702 மார்ச் 11 அன்று, ஃப்ளீட் பாலத்தருகே ஒரு மதுக்கடைக்குப் பக்கத்திலிருந்து வெளிவந்தது. ஒரே தாள், ஒரு புறம் மட்டும் அச்சு, இரண்டு பத்திகள். வெளியிட்டவர் எலிசபெத் மாலெட் என்ற பெண். தன் கருத்து எதையும் சேர்க்கப்போவதில்லை என்றும், யோசித்துப் பார்க்கும் அறிவு வாசகர்களுக்கே உண்டு என்றும் முதல் இதழில் அறிவித்தார். அந்த வாக்குறுதியைப் பிற்காலத்தில் எத்தனை பத்திரிகைகள் காப்பாற்றின என்பதைக் கீழே பார்ப்போம்.

முன்தணிக்கை எப்படி ஒழிந்தது? மில்டனின் எழுத்தாலா?

இல்லை. 1644இல் மில்டன் முன்தணிக்கைக்கு எதிராக எழுதிய 'ஏரியோபஜிட்டிகா' இலக்கியமாக நிலைத்தது, சட்டத்தை அசைக்கவில்லை. அச்சிடுவதற்கு முன்பே அரசின் உரிமம் பெற வேண்டும் என்ற 1662ஆம் ஆண்டுச் சட்டம் 1695இல் காலாவதியானது. அதைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நாடாளுமன்ற மக்களவை சொன்ன காரணங்களைப் படித்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரே சங்கத்துக்கு அச்சுத்தொழில் ஏகபோகமாகப் போகிறது, வெளிநாட்டுப் புத்தகங்கள் சுங்கத்தில் கிடந்து வீணாகின்றன என்று முழுக்க வியாபாரப் புகார்கள். கருத்துச் சுதந்திரம் என்ற பெரிய கதவு திறந்தது புத்தக வியாபாரிகளின் நச்சரிப்பால்தான் என்று சொன்னால் அதிகம் பிசகாது.

அப்படியானால் 1695க்குப் பிறகு பத்திரிகைகள் சுதந்திரமாக இருந்தனவா?

அச்சிடலாம், ஆனால் மலிவாக விற்க முடியாது. 1712இல் முத்திரை வரி வந்தது. அரைத் தாளுக்கு அரைப் பென்னி, முழுத் தாளுக்கு ஒரு பென்னி, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு ஷில்லிங். வெற்றுத் தாள்களை முதலில் முத்திரை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், சிவப்பு மையில் முத்திரை குத்தி வாங்கி வந்த பிறகுதான் அச்சில் ஏற்ற வேண்டும். இதழ் விற்காமல் தங்கினாலும் வரி கட்டியது கட்டியதுதான். 1815இல் இந்த வரி ஓர் இதழுக்கு நான்கு பென்ஸாக உயர்ந்தது. ஒரு நாளிதழின் விலை ஏழு பென்ஸ் ஆனது. கூலித் தொழிலாளியின் ஒரு நாள் வருமானத்தில் கணிசமான பங்கு அது. மக்கள் காபிக் கடைகளில் கூடி ஒரே இதழைக் கைமாற்றிப் படித்தார்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தும் படித்தார்கள்.

தடியோடு வெல்லமும் இருந்தது. பிரதமர் வால்போலின் ஆட்சியில் 1731 முதல் 1741 வரையிலான பத்தாண்டுகளில், தமக்கு ஆதரவான பத்திரிகைகளுக்கும் எழுத்தாளர்களுக்கும் அரசு ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்ததாக நாடாளுமன்றக் குழுவே பின்னர் கணக்கெடுத்தது. டேனியல் டீஃபோ 1704 முதல் 1713 வரை 'ரெவ்யூ' இதழை ஏறத்தாழ தனியாளாக எழுதி நடத்தினார். அதற்கு முன் 1703இல் ஒரு துண்டுப்பிரசுரத்துக்காகச் சந்தியில் தலையும் கையும் பூட்டும் தண்டனை மரச்சட்டகத்தில் நிறுத்தப்பட்டவர். அவரைச் சிறையிலிருந்து மீட்ட அமைச்சர் ராபர்ட் ஹார்லிதான் பின்னர் ரகசியமாகப் படியளந்தார். டீஃபோவின் உரைநடையை மெச்சும்போது இதையும் மறக்கக் கூடாது.

'தி டைம்ஸ்' கதை இன்னும் வேடிக்கை. ஜான் வால்டர் 1785இல் 'டெய்லி யுனிவர்சல் ரெஜிஸ்டர்' என்ற பெயரில் தொடங்கி, 1788இல் 'தி டைம்ஸ்' என்று மாற்றினார். கருவூலத்திடமிருந்து ஆண்டுக்கு 300 பவுண்டு வாங்கிக்கொண்டு அரசு தரப்புக் குறிப்புகளை அச்சிட்டார். மன்னரின் மகன்களைப் பற்றிய அப்படிப்பட்ட குறிப்புகள் அவதூறு வழக்கில் முடிந்தன. அவர் நியூகேட் சிறைக்குப் போனார்.

முத்திரை வரியை யாராவது எதிர்த்தார்களா?

சிறைக்குப் போகத் தயாராக இருந்தவர்கள் எதிர்த்தார்கள். ஹென்றி ஹெதரிங்டன் 1831இல் 'புவர் மேன்ஸ் கார்டியன்' என்ற வார இதழை முத்திரையே இல்லாமல் ஒரு பென்னிக்கு விற்றார். சட்டத்துக்கு விரோதமாகவே வெளியிடப்படுகிறது என்று முகப்பிலேயே அச்சிட்டார். போலீஸ் பார்வையில் போலிக் கட்டுகளை ஒரு வழியாக அனுப்பி, நிஜக் கட்டுகளை வேறு வழியாகக் கடத்தினார்கள். தெருவில் விற்றதற்காக நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். பலர் வேலையில்லாத ஏழைகள்.

1836இல் வரி ஒரு பென்னியாகக் குறைந்தது. பலரும் இதை வெற்றி என்று எழுதுகிறார்கள். ஆனால் அதே சட்டம் முத்திரையில்லா இதழ்களுக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. முதலீடு உள்ளவர்களுக்கு வசதி, ஹெதரிங்டன் போன்றவர்களுக்கு முடிவு. விளம்பர வரி 1853இல், முத்திரை வரி 1855இல், காகித வரி 1861இல் போயின. 1855இல் பிறந்த 'டெய்லி டெலிகிராஃப்' சில மாதங்களில் ஒரு பென்னிக்கு வந்துவிட்டது. இதழின் விலை அச்சுச் செலவுக்குக் காணாது. மிச்சத்தை விளம்பரதாரர் கொடுத்தார். அரசின் கையிலிருந்த கடிவாளம் அன்று கைமாறியது.

நீராவி அச்சு எப்போது வந்தது?

1814 நவம்பர் 29 அதிகாலை. இந்த வரலாற்றில் நான் அதிகம் விரும்பிப் படித்த இரவு இது.

'டைம்ஸ்' தொடங்கியவரின் மகனான இரண்டாம் ஜான் வால்டர் ஜெர்மானியரான ஃப்ரீட்ரிக் கோனிக் வடிவமைத்த இயந்திரத்தை வாங்கியிருந்தார். பக்கத்துக் கட்டடத்தில் ரகசியமாக அது கோக்கப்பட்டது. கையால் அச்சிடும் தொழிலாளர்களுக்குத் தெரிந்தால் உடைத்துவிடுவார்கள் என்ற பயம். இயந்திரங்களை அடித்து நொறுக்கும் கலவரங்கள் நடந்துகொண்டிருந்த காலம். அன்றிரவு வெளிநாட்டுச் செய்தி ஒன்று வரவேண்டியிருக்கிறது, காத்திருங்கள் என்று தொழிலாளர்களிடம் சொல்லப்பட்டது. அவர்கள் கையச்சு இயந்திரங்களின் அருகே காத்துக்கிடந்தார்கள். காலை ஆறு மணியளவில் வால்டர் ஈரம் காயாத பிரதிகளோடு உள்ளே வந்தார். இன்றைய 'டைம்ஸ்' ஏற்கெனவே நீராவியில் அச்சாகிவிட்டது என்றார். வன்முறையில் இறங்கினால் அடக்க ஆட்கள் தயார். அமைதியாக இருந்தால் வேறு வேலை கிடைக்கும்வரை சம்பளம் தொடரும் என்றார். யாரும் கை ஓங்கவில்லை.

கையச்சில் மணிக்கு 250 தாள் வருவதே பெரிது. புதிய இயந்திரம் 1,100 தாள் தந்தது. இந்த வேகத்தால் வந்த விற்பனையும் விளம்பரமும்தான் 'டைம்ஸ்' பத்திரிகையை அரசின் உதவித்தொகையிலிருந்து விடுவித்தன. தாமஸ் பார்ன்ஸ், ஜான் டிலேன் என்ற இரு ஆசிரியர்களும் 1817 முதல் 1877 வரை பிரதமர்களை மிரட்டும் தலையங்கங்கள் எழுத முடிந்ததற்கு அடியில் அந்த இயந்திரம் இருக்கிறது.

போர் நிருபர் என்ற வேலையைத் தொடங்கியவர் யார்?

வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் என்ற அயர்லாந்துக்காரர் பெயரையே சொல்வார்கள். முதல் ஆள் அவரில்லை. நாட்டையே உலுக்கிய முதல் ஆள் அவர். 1854இல் கிரிமியப் போருக்கு 'டைம்ஸ்' அவரை அனுப்பியது. ராணுவம் அவருக்கு உணவோ கூடாரமோ தர மறுத்தது. பாலக்லாவாவில் இலகுரகக் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேரே பாய்ந்து அழிந்ததை மேட்டிலிருந்து பார்த்து எழுதினார். அக்டோபர் 25 அன்று நடந்தது, நவம்பர் 14 அன்றுதான் அச்சில் வந்தது. மூன்று வாரம் பழைய செய்தி, ஆனாலும் லண்டன் அதிர்ந்தது. குளிரிலும் காலராவிலும் வீரர்கள் மடிவதை அவர் தொடர்ந்து எழுத, டிலேன் அதைத் துணிந்து அச்சிட்டார். 1855 ஜனவரியில் அபர்டீன் அரசு கவிழ்ந்ததில் அந்தக் கடிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு திருத்தம்: ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கிளம்ப வைத்தது ரஸ்ஸல் என்று பாடப்புத்தகங்களில் பார்க்கலாம். ஸ்குடாரி மருத்துவமனையின் அவலத்தை எழுதியவர் அதே பத்திரிகையின் கான்ஸ்டான்டினோபிள் நிருபர் தாமஸ் செனரி. அவர் பின்னாளில் 'டைம்ஸ்' ஆசிரியராகவே ஆனார். ஆனாலும் பெயர் ரஸ்ஸலுக்கே போயிற்று.

புகழ்பெற்ற எழுத்தாளர்கள் பத்திரிகையில் உண்மையில் வேலை செய்தார்களா?

செய்தார்கள், எல்லோரும் நன்றாகச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

சாமுவேல் ஜான்சன் 1740களின் தொடக்கத்தில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழுக்கு நாடாளுமன்ற விவாதங்களை எழுதினார். விவாதத்தை வெளியிடுவது அப்போது குற்றம். அதனால் கல்லிவர் கதையில் வரும் லில்லிபுட் நாட்டு மன்றத்தில் நடந்ததாகப் பெயரை மாற்றி அச்சிட்டார்கள். ஜான்சன் அவைக்குப் போகவேயில்லை என்றே சொல்லலாம். பிறர் கொண்டுவந்த குறிப்புகளை வைத்துக்கொண்டு மாடியறையில் உட்கார்ந்து சொற்பொழிவுகளை அவரே படைத்தார். விக் கட்சி நாய்கள் வாதத்தில் ஜெயித்துவிடாமல் பார்த்துக்கொண்டேன் என்று பிறகு பெருமையாகவும் சொன்னார். 1771இல் ஜான் வில்க்ஸும் லண்டன் நகர அதிகாரிகளும் மோதிப் பார்த்த பிறகே விவாதங்களை வெளியிடும் வழக்கம் நிலைபெற்றது.

சார்லஸ் டிக்கன்ஸ் நேர்மாறு. சுருக்கெழுத்தில் தேர்ந்தவர், 'மார்னிங் கிரானிக்கிள்' நிருபராக ஊர் ஊராகக் குதிரை வண்டியில் ஓடியவர். ஆனால் 1846இல் 'டெய்லி நியூஸ்' ஆசிரியராக உட்கார்ந்தபோது 17 இதழ்களிலேயே அலுத்துப் போய் நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டார். ஜார்ஜ் ஆர்வெல் 1943 முதல் 'ட்ரிப்யூன்' வார இதழில் எழுதியவற்றில் தேரை, ரோஜாச்செடி எல்லாம் அரசியலோடு சமமாக வரும். இன்று பத்தி எழுதுபவர்கள் போரையும் சமையலறையையும் ஒரே மூச்சில் பேசுவதற்குத் துணிவு அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

'கார்டியன்' மட்டும் ஏன் முதலாளி இல்லாத பத்திரிகை என்கிறார்கள்?

1819இல் மான்செஸ்டரின் பீட்டர்ஸ் மைதானத்தில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள் மீது குதிரைப்படை பாய்ந்தது. அந்த நிகழ்ச்சியின் பின்னணியில் பஞ்சு வியாபாரி ஜான் எட்வர்ட் டெய்லர் 1821இல் 'மான்செஸ்டர் கார்டியன்' இதழைத் தொடங்கினார். அது தீவிரச் சீர்திருத்தவாதிகளின் இதழ் அல்ல, நடுத்தர வர்க்க மில் முதலாளிகளின் இதழ் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1872 முதல் 1929 வரை 57 ஆண்டுகள் சி. பி. ஸ்காட் ஆசிரியர். கருத்து யாரும் சொல்லலாம், தகவல்தான் புனிதம் என்று 1921இல் எழுதியவர் அவர். அவர் மறைந்த பின், வாரிசு வரியில் பத்திரிகை சிதறாமலிருக்க 1936இல் ஸ்காட் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. லாபம் பங்குதாரர்களுக்குப் போகாமல் பத்திரிகைக்கே திரும்புகிறது. பெயரிலிருந்த மான்செஸ்டர் 1959இல் உதிர்ந்தது.

பரபரப்பு இதழியலைத் தொடங்கியவர் யார்?

டபிள்யூ. டி. ஸ்டெட் மேல் பழி போடலாம், புகழும் சேர்க்கலாம். 'பால் மால் கெசட்' ஆசிரியரான அவர், லண்டனில் சிறுமிகள் விலைக்கு விற்கப்படுவதை நிரூபிக்க 1885இல் தாமே ஐந்து பவுண்டுக்கு 13 வயதுச் சிறுமியை ஒருவர் மூலம் 'வாங்கினார்'. அவளுக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால் மருத்துவச்சியிடம் பரிசோதனை, மயக்கமருந்து, முன்பின் தெரியாத வீடு என்று அவள் பட்ட பாட்டுக்கு யாரும் அனுமதி கேட்கவில்லை. தொடர் வெளியானதும் அலுவலகத்தின் முன் கூட்டம் முண்டியடித்தது. பெண்ணின் சம்மத வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்தும் சட்டம் சில வாரங்களில் நிறைவேறியது. தந்தையின் சம்மதம் பெறாமல் சிறுமியைக் கொண்டுபோன குற்றத்துக்காக ஸ்டெட்டுக்கு மூன்று மாதச் சிறை. 1912இல் டைட்டானிக்கில் இறந்தார். நல்ல நோக்கம், கெட்ட வழி, கிடைத்த சட்டம் மூன்றையும் ஒரே தராசில் வைத்துத் தீர்ப்பு சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தச் சிறுமியின் பக்கம் நின்று பார்த்தால் மட்டும் பதில் கொஞ்சம் எளிதாகிறது.

'டெய்லி மெயில்' ஏன் அவ்வளவு முக்கியம்?

1896 மே 4 அன்று ஆல்ஃப்ரெட் ஹார்ம்ஸ்வொர்த் அதை அரைப் பென்னிக்கு வெளியிட்டார். முதல் நாள் விற்பனை 3,97,215 பிரதிகள். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் படிக்கக் கற்ற ஒரு தலைமுறை, ரயிலில் வேலைக்குப் போகும் குமாஸ்தாக் கூட்டம், அவர்கள் மனைவிமார் என்று இதுவரை யாரும் மதிக்காத வாசகர்களை அவர் மதித்தார். சின்னச் செய்தி, தெளிவான நடை, பெண்களுக்கென்று ஒரு பகுதி.

பத்திரிகைப் பிரபுக்கள் என்று யாரைச் சொல்கிறார்கள்?

ஹார்ம்ஸ்வொர்த் பின்னர் நார்த்கிளிஃப் பிரபு ஆனார். 1908இல் 'டைம்ஸ்' பத்திரிகையையும் வாங்கினார். அவர் தம்பி ராதர்மியர் பிரபு, 'டெய்லி எக்ஸ்பிரஸ்' உரிமையாளரான கனடாக்காரர் பீவர்புரூக் பிரபு ஆகியோர் மற்ற இருவர். பத்திரிகையை நடத்தியது பிரசாரத்துக்காக மட்டுமே, வேறெந்த நோக்கமும் இல்லை என்று பீவர்புரூக் அரச விசாரணைக் குழுவிடமே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையையாவது பாராட்டலாம்.

1924 அக்டோபர் 25 அன்று, பொதுத் தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, 'டெய்லி மெயில்' ஒரு கடிதத்தை வெளியிட்டது. பிரிட்டனில் புரட்சியைத் தூண்டச் சொல்லி மாஸ்கோவிலிருந்து சோவியத் தலைவர்களில் ஒருவரான சினோவியெவ் எழுதியதாகச் சொன்ன அது போலி. தேர்தலில் தொழிற்கட்சி ஆட்சியை இழந்தது. அதன் மொத்த வாக்குகள் கூடியே இருந்தன என்பதால் கடிதம்தான் தோற்கடித்தது என்று சொல்வது மிகை. 1934 ஜனவரியில் ராதர்மியர் தம் பெயரிலேயே கருஞ்சட்டைப் பாசிஸ்டுகளுக்கு ஜே போட்டு எழுதினார்.

இந்தப் பிரபுக்கள் தம் கட்சித் தலைமையையே கவிழ்க்கப் பார்த்தபோது, 1931இல் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் ஸ்டான்லி பால்ட்வின் பொதுக் கூட்டத்தில் திருப்பி அடித்தார். பொறுப்பில்லாத அதிகாரம், அது காலங்காலமாக வேசையின் தனியுரிமை என்றார். வாசகம் அவருடைய உறவினர் கிப்ளிங் தந்தது.

பெண்கள் எங்கே?

இருந்தார்கள், வரலாற்றுப் புத்தகங்கள்தான் தாமதமாகக் கண்டுகொண்டன. எலிசபெத் மாலெட்டை மேலே பார்த்தோம். ஹாரியட் மார்ட்டினோ 'டெய்லி நியூஸ்' பத்திரிகைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தலையங்கங்கள் எழுதினார். பம்பாயில் சசூன் குடும்பத்தில் பிறந்த ரேச்சல் பீர் 1890களில் 'அப்சர்வர்', 'சண்டே டைம்ஸ்' இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஆசிரியராக இருந்தார். டிரைஃபஸ் என்ற அப்பாவி ராணுவ அதிகாரியை உளவாளி என்று பிரான்ஸ் தண்டித்த வழக்கில், உண்மையான குற்றவாளியான எஸ்தர்ஹாசியின் வாக்குமூலத்தை 1898இல் வெளியிட்டது அவருடைய 'அப்சர்வர்'.

கிளேர் ஹோலிங்வொர்த்தின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1939 ஆகஸ்டில் 'டெய்லி டெலிகிராஃப்' வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, வயது 27. போலந்தின் கட்டோவிட்ஸ் நகரில் பிரிட்டிஷ் தூதரகக் காரை இரவல் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் போனார். திரும்பும் வழியில் சாலையோரம் நீளமாகக் கட்டியிருந்த சாக்குத் திரையைக் காற்று தூக்கியது. கீழே பள்ளத்தாக்கில் டாங்கிகள் வரிசை வரிசையாக நின்றன. செய்தி ஆகஸ்ட் 29 அன்று வந்தது. செப்டம்பர் 1 விடியலில் படையெடுப்பு தொடங்கியபோது வார்சா தூதரக அதிகாரி அவரை நம்பவில்லை. தொலைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிச் சத்தத்தைக் கேட்கவைத்தார். 2017இல், 105 வயதில், ஹாங்காங்கில் இறந்தார்.

தலையங்கமும் முதல் பக்கமும் பழைய 'டைம்ஸ்' இதழில் ஏன் வித்தியாசமாக இருக்கின்றன?

1966 மே வரை அதன் முதல் பக்கம் முழுக்க வரி விளம்பரங்கள்தான், செய்தி உள்ளே. 1967 வரை நிருபர்களின் பெயரும் போட மாட்டார்கள். கருத்து தனி ஆளுடையது அல்ல, பத்திரிகையுடையது என்பது கொள்கை.

தாலிடோமைடு வழக்கு என்ன?

என் கணக்கில் இருபதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் இதழியலின் சிறந்த வேலை இதுதான். கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த மருந்தால் கைகால் வளராமல் பிறந்த குழந்தைகளுக்கு, மருந்தை விற்ற டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் சொற்ப இழப்பீடு பேசிக்கொண்டிருந்தது. ஹெரால்ட் எவன்ஸ் ஆசிரியராக இருந்த 'சண்டே டைம்ஸ்' 1972இல் பிரசாரத்தைத் தொடங்கியது. டிஸ்டில்லர்ஸ் அந்தப் பத்திரிகையின் பெரிய விளம்பரதாரர். உரிமையாளர் தரப்பு அதைப் பொருட்படுத்தவில்லை. வழக்கு நிலுவையில் இருப்பதால் நீதிமன்ற அவமதிப்பு என்று கட்டுரைக்குத் தடை வந்தது. எவன்ஸ் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார், 1979இல் வென்றார். இழப்பீடு பல மடங்கு உயர்ந்தது, அவமதிப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. 1981இல் 'டைம்ஸ்', 'சண்டே டைம்ஸ்' இரண்டையும் ரூபர்ட் மர்டாக் வாங்கினார். 'டைம்ஸ்' ஆசிரியராக்கப்பட்ட எவன்ஸ் ஓராண்டில் வெளியேறினார்.

வாப்பிங்கில் என்ன நடந்தது?

1986 ஜனவரியில் மர்டாக் தம் நான்கு பத்திரிகைகளையும் ஒரே இரவில் பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த ஃப்ளீட் ஸ்ட்ரீட் வட்டாரத்திலிருந்து கிழக்கு லண்டன் வாப்பிங்கில் இருந்த முள்வேலிக் கோட்டைக்கு மாற்றினார். புதிய மாலை நாளிதழுக்கான அச்சகம் என்று சொல்லியே அது தயாராகியிருந்தது. ஈய எழுத்துக் கோக்கும் வேலை போய், நிருபரே கணினியில் தட்டுவார். வேலைநிறுத்தம் செய்த சுமார் 5,500 அச்சுத் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். மறியல் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. ஒரு நாள்கூட அச்சு நிற்கவில்லை.

சங்கங்கள் அப்பாவிகள் அல்ல. இல்லாத ஆட்களின் பெயரில் கூலி வாங்கும் வழக்கம் ஊரறிந்தது. ஆனாலும் 1814இல் வால்டர் தம் ஆட்களுக்குச் சொன்னதையும் 1986இல் நடந்ததையும் பக்கத்தில் வைத்தால், பழைய முதலாளி கொஞ்சம் கனிவானவராகத் தெரிகிறார். சில ஆண்டுகளில் மற்ற பத்திரிகைகளும் ஃப்ளீட் ஸ்ட்ரீட்டைக் காலிசெய்தன. கடைசிப் பெரிய நிறுவனமான ராய்ட்டர்ஸ் 2005இல் போனது.

லிவர்பூலில் 'தி சன்' ஏன் விற்பதில்லை?

1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் சிக்கினார்கள், இறப்பு 97. நான்கு நாள் கழித்து, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள் என்ற பொய்யை 'உண்மை' என்ற தலைப்பில் 'சன்' முதல் பக்கத்தில் போட்டது. பத்திரிகை முழுமையாக மன்னிப்புக் கேட்டது 2012இல்தான். ஊர் இன்றும் மன்னிக்கவில்லை.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தின் முடிவு என்ன?

'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' 1843இல் தொடங்கியது. 1950 வாக்கில் எட்டு மில்லியனுக்கு மேல் விற்றது. அதன் நிருபர்கள் பிரபலங்களின் குரலஞ்சலைத் திருடிக் கேட்டது 2006இல் முதலில் வெளிப்பட்டது. ஒரு நிருபரின் கைவரிசை மட்டுமே என்று நிர்வாகம் சாதித்தது. கொலையுண்ட பள்ளிச் சிறுமி மில்லி டவ்லரின் குரலஞ்சலும் திறக்கப்பட்டது என்று 2011 ஜூலையில் 'கார்டியன்' நிருபர் நிக் டேவிஸ் எழுதியதும் நாடு கொதித்தது. விளம்பரதாரர்கள் ஒவ்வொருவராக விலக, அதே வாரத்தில் 168 ஆண்டுப் பத்திரிகை மூடப்பட்டது. செய்திகளை அழித்ததே நிருபர்கள்தான் என்று 'கார்டியன்' எழுதிய பகுதி பிறகு நிரூபணமாகவில்லை, ஒட்டுக்கேட்டது உண்மை.

பத்திரிகைகளின் நடத்தையை விசாரிக்க நியமிக்கப்பட்ட நீதிபதி லெவிசன் 2012இல் அறிக்கை தந்தார். பத்திரிகைகளைக் கண்காணிக்கச் சட்டத்தின் பின்பலம் உள்ள சுயாதீன அமைப்பு வேண்டும் என்றார். பெரும்பாலான பெரிய பத்திரிகைகள் அதைப் புறக்கணித்து 2014இல் தாங்களே ஓர் அமைப்பை நிறுவிக்கொண்டன. 1953இல் பத்திரிகை மன்றம் தொடங்கியதிலிருந்தே இந்த வழக்கம்தான்: ஊழல் வெடிக்கும், குழு அமையும், பழைய ஆட்கள் புதிய பலகை மாட்டுவார்கள்.

இதற்கும் சென்னைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1876–78 பஞ்சத்தின்போது 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, அதற்கு முன் கொழும்பில் 'சிலோன் அப்சர்வர்' இதழில் வேலை பார்த்தவர். சென்னை மாகாணத்தில் மக்கள் சாவதை லண்டன் பத்திரிகைகளுக்கு எட்டச் செய்ததிலும், லண்டன் மேயரின் நிவாரண நிதி திரண்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு. பின்னர் அவரே லண்டனில் இந்திய தேசிய காங்கிரஸுக்காக வேலை செய்தார்.

இன்னொரு முகம் 1878இல் தெரிந்தது. லிட்டன் பிரபுவின் சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் பூட்டு போட்டது. ஆங்கிலப் பத்திரிகைகளைத் தொடவில்லை. 'அறிவின் மீதான வரி' என்று சொல்லி முத்திரையை ஒழித்த தேசம்தான் இதைச் செய்தது. அதே ஆண்டு தி. முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதைச் சென்னையின் ஆங்கிலேயப் பத்திரிகைகள் தாக்கின. பதில் சொல்ல ஜி. சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சிட்டுத் தொடங்கியதுதான் 'தி இந்து'.

பழைய இதழ்களை இன்று எங்கே படிக்கலாம்?

'லண்டன் கெசட்' முழுவதும் இணையத்தில் இலவசம். 1666 தீ விபத்துக்குப் பின் வந்த இதழிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து 2011 முதல் இயங்கும் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் தளத்துக்குப் பெரும்பாலும் சந்தா வேண்டும். மூலத் தாள்கள் லண்டன் காலின்டேலில் இருந்தன; 2013இல் அந்த வாசிப்பறை மூடப்பட்டு, தொகுப்பு யார்க்ஷயரின் பாஸ்டன் ஸ்பா கிடங்குக்குப் போயிற்று. தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய அச்சில் நீள வடிவ 'எஸ்' எழுத்தைக் கணினி 'எஃப்' என்று படித்துவிடும். பெயர் கிடைக்கவில்லை என்றால் அப்படியும் தட்டிப் பாருங்கள்.